டிரேடர்னு சொன்னா முகம் மாறுது

வணக்கம் சார், வேலைய விட்டுட்டு முழுநேரமா என் சொந்த காசுல டிரேடிங் பண்றேன். யாராவது "என்ன பண்றீங்க"ன்னு கேட்டா தடுமாறிடுறேன். டிரேடர்னு சொன்னா ஒன்னு "சூதாட்டமா?"ங்குறாங்க, இல்ல "எதை வாங்கலாம்?"னு புடிச்சுக்குறாங்க. இப்பல்லாம் சாஃப்ட்வேர்னு சொல்லிடுறேன். நீங்க என்ன சொல்வீங்க?
- ஒரு வாசகர்

வணக்கம். சாஃப்ட்வேர் மட்டும் வேணாம், அடுத்த கேள்வியே எந்த கம்பெனி, நம்ம பையனுக்கு அங்க ஏதாவது பாக்க முடியுமான்னுதான் வரும், அப்ப முழிக்கணும்.

நான் சொல்றது ஒரே வரி: "மார்க்கெட்ல டிரேட் பண்றேன், என் காசு மட்டும்தான்." அந்த ரெண்டாவது பாதி ரொம்ப முக்கியம். டிரேடர்னு கேட்டதும் நிறைய பேரு இவன் நம்மகிட்ட ஏதோ ஸ்கீம் விக்க வந்துருக்கான்னுதான் நினைக்கிறாங்க, அது இல்லைன்னு தெரிஞ்சா பேச்சு தானா அடுத்த விஷயத்துக்கு போயிடும்.

சூதாட்டம்னு சொல்றவங்ககிட்ட மல்லுக்கட்டாதீங்க, புள்ளிவிவரம் அவங்க பக்கம்தான் இருக்கு. 2018ல ஐரோப்பிய மார்க்கெட் ரெகுலேட்டர் சிஎஃப்டி (பொருள வாங்காம, அதோட விலை ஏறுமா இறங்குமான்னு மட்டும் புரோக்கர்கிட்ட போடுற ஒப்பந்தம்) பத்தி சொன்னப்போ தனிநபர் கணக்குகள்ல 74லேர்ந்து 89 சதவீதம் நஷ்டம்னு சொல்லி, புரோக்கருங்க அவங்கவங்க சதவீதத்த வெளிய போட்டே ஆகணும்னு உத்தரவு போட்டாங்க. பிரேசில்ல ஃபியூச்சர்ஸ்ல (பின்னால ஒரு தேதிக்கு இப்பவே விலை பேசிக்கிற ஒப்பந்தம்) 300 நாளுக்கு மேல விடாம டே டிரேடிங், அதாவது அன்னன்னைக்கே வாங்கி வித்து முடிக்கிறது, பண்ணவங்கள ஆராய்ச்சி பண்ணா 97 சதவீதம் பேருக்கு நஷ்டம். அதனால "ஆமாங்க, நிறைய பேரு தோக்குற தொழில்தான்"னு ஒத்துக்கிட்டு போயிடுங்க.

நெசமாவே புரிஞ்சுக்கணும்னு கேக்குறவங்களுக்கு மட்டும் கணக்க சொல்லுங்க: பத்து டிரேட்ல ஆறு ஸ்டாப்லாஸ் (இவ்ளோ நஷ்டம் வந்தா வெளிய வந்துடணும்னு முன்னாடியே வைக்கிற விலை) அடிச்சு ஒவ்வொன்னுலயும் நூறு போச்சுன்னா 600, மிச்ச நாலுல இருநூறு இருநூறா வந்தா 800, கையில நிக்கிறது 200, அதுலயும் புரோக்கரேஜ், வரி போகணும். இத கேட்டா பாதி பேருக்கு ஆர்வமே போயிடும் :)

"மாசம் எவ்ளோ வரும்?" இதுலதான் உஷாரா இருக்கணும். நல்ல மாசத்து நம்பர ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா அடுத்த மாசம் சார்ட்ட பாக்குறப்பல்லாம் அந்த ஆளு மனசுல வந்து உக்காந்துக்குவாரு, சொன்ன பேச்ச காப்பாத்தணும்னு ஒரு டிரேட்ல போடுற காச ஏத்துவோம், ஸ்டாப்லாஸ தள்ளி வைப்போம், வாய்ல விட்டது அக்கவுண்ட்ல வந்து நிக்கும். "ஒரு மாசம் வரும், ஒரு மாசம் போகும், வருஷக் கணக்குதான்"னு நிறுத்திக்கோங்க.

ஆனா பொண்ணு குடுக்குறவங்க, லோன் குடுக்குற பேங்க், இவங்களுக்கெல்லாம் ஒரு வரி பத்தாது. அவங்களோட பயம் நியாயமானது. மூணு வருஷ வரி ரிட்டர்ன், டிரேடிங் காசுல கலக்காம தனியா வச்சுருக்குற வீட்டுச் செலவு பணம், ரெண்டையும் காட்டுங்க, அது இல்லைன்னா அவங்க தயங்குறதும் சரிதான்.

டிப்ஸ் கேட்டா குடுக்காதீங்க. நீங்க வாங்குறத சொல்லலாம், விக்கிறப்ப அவருக்கு யாரு போன் போடுறது? இன்னும் சிலபேரு "என் காசையும் சேத்து போடுங்களேன்"னு வருவாங்க. அடுத்தவங்க பணத்த வாங்கி டிரேட் பண்ண பெரும்பாலான நாடுகள்ல லைசென்ஸ் வேணும், "எனக்கு அது இல்லைங்க"ன்னு சொல்லிடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.