ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் ஏன் கலக்குகிறது?

கேள்வி: வயது 33. பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. ஒரு வருடமாக ஆபீஸ் கிளம்பும்போது அடிவயிறு முறுக்கி வலிக்கிறது, மூன்று நான்கு தடவை பாத்ரூம் போனால்தான் அடங்குகிறது. லீவு நாளில் பெரும்பாலும் இல்லை. ரத்தப் பரிசோதனை, கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் 'வெறும் டென்ஷன்' என்றார். இன்னொருவர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார், கூகுளில் பார்த்தால் டிப்ரெஷன் மாத்திரையாம். எனக்கு மனநோயா?

பதில்: மாத்திரையை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். 'வெறும் டென்ஷன்' என்று அனுப்பி வைத்ததும் சரியில்லை. நீங்கள் சொல்வது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) மாதிரி இருக்கிறது, அதாவது புண், கட்டி எதுவும் இல்லாமலே குடல் வலித்துக் கலங்கும் கோளாறு. கொலனோஸ்கோபியில் புண், கட்டி தெரியும். குடல் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூச்சப்படுவது தெரியாது. சாதாரணமாக நகரும் வாயுகூட உங்களுக்கு வலியாகப் படுவது அதனால்தான்.

குடல் சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் மூளைக்கும் நடுவே வேகஸ் நரம்பு ஓடுகிறது, அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. அதனால் மனம் பதறினால் பெருங்குடல் வேகமெடுக்கும், வயிறு படுத்தினால் மனமும் பதறும். எது முதலில் என்று தேடிக்கொண்டிருப்பதில் பலனில்லை.

டிப்ரெஷனுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் அளவு இதைவிடப் பல மடங்கு. 10 மி.கி. கொடுப்பது வலிச் சேதியை மட்டுப்படுத்த. குடலின் வேகமும் கொஞ்சம் குறையும், உங்களுக்கு அது நல்லதுதான். 2023-இல் பிரிட்டனில் ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு 10 முதல் 30 மி.கி. வரை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. இரவில் போடுங்கள். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். பலன் தெரிய சில வாரம் ஆகும், நாலு நாளில் விட்டுவிடாதீர்கள். இதயத் துடிப்பில் கோளாறோ கண் அழுத்தமோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'செரட்டோனின் 90 சதவீதம் குடலில்தான், தயிர் சாப்பிட்டால் மனக்கவலை தீரும்' கதை. செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள ஒரு ரசாயனம். முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் போகாது. தயிர் சாதத்தை ருசிக்காகச் சாப்பிடுங்கள், போதும்.

காலையில் வெறும் வயிற்றில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு, சில்க் போர்டு நெரிசலில் பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டே போகிறவரா நீங்கள்? காபியை இரண்டு வாரம் தள்ளிப் பாருங்கள். வழியில் வந்துவிடுமோ என்கிற அந்தப் பயத்துக்கு சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டுமென்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஹீமோகுளோபின் இறங்குவது, இதில் ஒன்று வந்தாலும் பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்காராமல் குடல் டாக்டரை மறுபடி பாருங்கள்.