போர்ட்ரெய்ட் சந்தேகங்கள்: லென்ஸ் முதல் பிரிண்ட் வரை

முகப்படம் எடுப்பது பற்றியும், எடுத்ததைக் கம்ப்யூட்டரிலோ ஃபோனிலோ திருத்துவது பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எடிட்டிங் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் எடுக்கும்போதே சரிசெய்ய வேண்டியவை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணா, என்னிடம் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பின்னணி மங்கவே மாட்டேன் என்கிறது. 85 மி.மீ. வாங்கிவிடட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். லென்ஸை 55-க்குத் திருப்புங்கள். ஏபிஎஸ்-சி என்கிற சிறிய சென்சாரில் (படம் பதியும் சில்லு) அது பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 85 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, அங்கே கிடைக்கும் மிகச் சிறிய எண்ணில் வையுங்கள், அநேகமாக எஃப் 5.6 (எண் சிறிதானால் துளை பெரிது). ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் நான்கைந்து மீட்டர் முன்னால் கொண்டுவந்து, மார்பளவுக்கு நெருக்கி எடுங்கள். ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளி கூடினாலே பின்னணி நன்றாக மங்கும். இதைச் செய்தும் போதவில்லை என்றால் முதலில் வாங்க வேண்டியது 50 மி.மீ. எஃப் 1.8. 85 அருமையான லென்ஸ்தான், ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் சின்ன அறைக்குள் பின்னால் நகர இடமிருக்காது.

ஃபோனில் எடுத்தால் எல்லோருக்கும் மூக்கு பெரிதாக வருகிறது. எடிட்டிங்கில் குறைக்க வழி உண்டா?

லென்ஸ் மேல் பழி போடாதீர்கள், காரணம் நீங்கள் நிற்கும் தூரம். மூக்கு நுனி காதைவிடச் சுமார் 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஃபோனை மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால் காது 50 செ.மீ.யில் இருக்கும். அப்போது காதோடு ஒப்பிட மூக்கு 25 சதவீதம் பெரிதாகப் பதியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதே வித்தியாசம் 5 சதவீதம்தான். ஆகவே பின்னால் போங்கள், ஃபோனில் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். எடிட்டிங்கில் மூக்கை இழுத்துச் சுருக்கினால் அது அவர் முகமாக இருக்காது.

போர்ட்ரெய்ட் மோடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது, அந்தக் கணக்கு தப்புவது முடி ஓரத்திலும் கண்ணாடி ஃப்ரேமிலும்தான். மங்கலின் அளவைக் குறைத்து வைத்தால் தப்பு அவ்வளவாகத் தெரியாது.

வீட்டுக்குள் எடுத்தால் முகம் தட்டையாக வருகிறது, ஒரு பக்கம் மஞ்சள், கண்ணில் உயிரே இல்லை. என்ன லைட் வாங்கலாம்?

ஒன்றும் வாங்க வேண்டாம், இருக்கிற லைட்டை அணையுங்கள். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும்), வீட்டு மஞ்சள் பல்பு 3000-க்கும் கீழே. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் மொத்த நிறச் சாய்வைத் திருத்தும் அமைப்பை, எப்படி நகர்த்தினாலும் ஒரு பக்கம்தான் சரியாகும்.

பிறகு நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்றைப் பிடியுங்கள். ஆளை அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளி உட்கார வைத்து, ஜன்னலை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது முகம் தட்டையாகத்தான் இருக்கும். இனி மெதுவாக ஜன்னலை விட்டுத் திரும்பச் சொல்லி, மூக்கின் நிழலை மட்டும் கவனியுங்கள். முதலில் சின்னதாக இருக்கும், திரும்பத் திரும்பக் கன்னத்தில் நீளும். ஓர் இடத்தில் மூக்கு நிழலும் கன்ன நிழலும் தொட்டுக்கொள்ளும், தூரத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்குகிற ஒளியமைப்பு அதுதான். முக்கோணம் தெரியவே இல்லை என்றால் ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்து, வெளிச்சம் கொஞ்சம் மேலிருந்து வரும்படி செய்யுங்கள். நிழல் ரொம்பக் கருப்பாக இருந்தால் மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். அட்டையை நகர்த்தும்போது நிழல் இளகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஜன்னலுக்கு நெருக்கமாக இருந்தால் ஒளி மென்மையாக விழும், ஆனால் முகத்தின் இரு பக்கத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் கூடும். தள்ளிப் போனால் வித்தியாசம் குறையும், நிழல் விளிம்பு கூர்மையாகும். எது வேண்டும் என்பது முகத்தைப் பொறுத்தது. வயதான முகத்தின் கோடுகளை எடுத்துக் காட்ட எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பது பிடிக்கும்.

கண்ணில் உயிர் இல்லை என்றீர்களே, கருவிழியில் ஜன்னலின் பிரதிபலிப்பு புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முகவாயைச் சற்றுத் தூக்கவோ, முகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பவோ சொல்லுங்கள். அந்தப் புள்ளியை எடிட்டிங்கில் வரைந்து சேர்க்காதீர்கள்.

உச்சி வெயிலில் எடுக்க வேண்டி வந்தால்?

கண்குழியில் கருநிழல் விழும். கூரை நிழலின் விளிம்பில் ஆளை வெளிப்புறம் பார்த்து நிறுத்துங்கள், திறந்த வானமே பெரிய லைட். மரத்தடி வேண்டாம், முகத்தில் வெயில் பொட்டுப்பொட்டாக விழும், இலைப் பச்சையும் ஏறும்.

நானும் என் தம்பியும் நல்ல கருப்பு. குரூப் போட்டோவில் எங்கள் முகமே தெரிவதில்லை. பிரைட்னஸ் ஏற்றினால் சாம்பல் பூசியது போல ஆகிவிடுகிறது. எங்கள் நிறம்தான் பிரச்சினையா அண்ணா?

இல்லவே இல்லை, எடுத்த விதம்தான் பிரச்சினை. இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. கலர் ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் தந்த ‘ஷெர்லி கார்டு’களில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கும் கார்டு 1990-களில்தான் வந்தது. இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை இல்லை, சரியான எக்ஸ்போஷர் (பதியும் வெளிச்ச அளவு) கொடுத்தால் கருப்புத் தோலை அழகாகப் பதியும்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர், சுற்றி வெள்ளைச் சட்டைகள் என்றால் மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்கிற வெளிச்சத் திருத்தத்தை பிளஸ் 1 வரை ஏற்றிப் பாருங்கள், அல்லது ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை அளந்து, வரும் படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஃபோனில் முகத்தைத் தொட்டு சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். குரூப்பில் கருத்த நிறத்தவரை வெளிச்சத்துக்குப் பக்கத்திலும் மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளியும் நிறுத்துங்கள்.

அடுத்தது பளபளப்பு. கருப்புத் தோலில் நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகியவற்றின் மேல் ஓடும் மினுக்கம்தான் முக வடிவத்தைச் சொல்கிறது. பவுடர் போட்டு அதை முழுக்க அடக்கினால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து ஒரு பெரிய ஜன்னல் ஒளி கொடுங்கள், அந்த மினுக்கம் அகலமாகவும் மென்மையாகவும் விழும்.

சாம்பல் பூத்தது ஏன் என்றால், குறைவாக வெளிச்சம் பதிந்த பகுதியை இழுத்துத் தூக்கும்போது நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) எழும்பும், நிறமும் கான்ட்ராஸ்ட்டும் வெளிறும். எடுத்துவிட்ட படத்தில் முகம் இருட்டாக இருந்தால் கொஞ்சம் தூக்கிவிட்டு, கருப்பு அளவைத் திரும்பக் கீழே இறக்கி, ஒயிட் பேலன்ஸைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸ் (வெளிச்ச அளவு) ஸ்லைடரை ஏற்றித் தோலை வெளுப்பாக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவர் கேட்காமல் அவர் நிறத்தை மாற்றிக் கையில் கொடுப்பது, உன் நிறம் சரியில்லை என்று அவரிடம் சொல்வதுதான்.

எஃப் 1.8-ல் எடுத்தால் காது ஷார்ப், கண் மங்கல். லென்ஸ் பழுதா?

ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ., எஃப் 1.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் ஷார்ப்பாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். ஃபோகஸ் செய்தபின் நீங்களோ அவரோ லேசாகச் சாய்ந்தாலே கண் தப்பிவிடும். எஃப் 2.8 அல்லது 4-க்குப் போங்கள், கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் செய்யும் ஐ ஏஎஃப் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கேமராவுக்குப் பக்கத்துக் கண்மேல் வையுங்கள். ஷட்டர் வேகம் பெரியவர்களுக்கு 1/125-க்குக் குறையாமலும் குழந்தைகளுக்கு 1/500 பக்கமும் இருக்கட்டும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) ஏறினால் ஏறட்டும். நாய்ஸைக் குறைக்கலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அப்பா கேமராவைக் கண்டதும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது போல விறைத்துவிடுகிறார்.

“சிரிங்கப்பா” என்று மட்டும் சொல்லாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: செய்தித்தாள், டம்ளர், சட்டைக் கை மடிப்பது, எதுவானாலும் சரி. செட்டிங் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து வைத்துவிட்டு, கேமராவை முகத்திலிருந்து இறக்கி, அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேசுங்கள். பேசி முடித்ததும் சிரிப்பு அடங்கி முகம் தளரும் ஒரு நொடி வரும், அப்போது அழுத்துங்கள்.

ரா, ஜேபெக் எது? காசு கொடுக்காமல் எந்த சாஃப்ட்வேர்?

எடிட் செய்வதாக இருந்தால் ரா, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு. ஜேபெக் கேமராவே பதப்படுத்திச் சுருக்கியது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரா-வில் 16,384. தோலின் மெல்லிய நிறமாற்றங்களை இழுத்துப் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். ரா-வுக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி, ரீடச்சிங்குக்கு (குறைகளைத் திருத்த) கிம்ப், ஃபோனில் ஸ்னாப்சீட். எல்லாம் இலவசம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பழகுங்கள்.

சருமத்தைச் சரிசெய்தால் பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிறது சார்.

ப்ளர் செய்கிறீர்கள், அதனால்தான். தோலில் துவாரம் தெரிய வேண்டும். முதலில் படத்தின் மேல் தனி லேயர் (அடுக்கு) ஒன்றில், குறையைச் சுற்றியுள்ள தோலைக் கொண்டு மூடும் ஹீலிங் டூலை எடுத்து, இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடியதை மட்டும் நீக்குங்கள்: பரு, கீறல், கொசுக்கடி. மச்சம், தழும்பு, சிரிப்புக் கோடு எல்லாம் இருக்கட்டும். நீக்கச் சொல்லி அவரே கேட்டால் அது வேறு விஷயம்.

திட்டுத்திட்டாகத் தெரிவதற்கு டாட்ஜ் அண்ட் பர்ன்தான், அதாவது இடம் பார்த்து வெளுப்பாக்குவதும் கருப்பாக்குவதும்தான் சரியான வழி. 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் என்கிற கலப்பு மோடில் வைத்து, மிகக் குறைந்த ஒபாசிட்டியுள்ள (மறைக்கும் அளவுள்ள) பிரஷ்ஷால் கருத்த திட்டில் வெள்ளையும் வெளுத்த திட்டில் கருப்பும் மெல்லத் தடவுங்கள். துவாரங்கள் அப்படியே இருக்கும், திட்டு மட்டும் கரையும். நேரம் பிடிக்கும் வேலைதான். கண்ணுக்குக் கீழே உள்ள நிழலை முழுக்க அழித்தால் முகமே மாறிவிடும், பாதியோடு நிறுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள், அந்த ரீடச் லேயர்களின் ஒபாசிட்டியை 60 சதவீதத்துக்கு இறக்கியும் பாருங்கள். பெரும்பாலும் அந்த 60 போதும் என்றுதான் தோன்றும்.

பழைய மங்கல் படத்தை ஏஐ ஆப்பில் போட்டால் பளிச்சென்று வருகிறது. பாட்டியின் முகம் மட்டும் யாரோ போல இருக்கிறது.

படத்தில் இல்லாத விவரத்தை அது ஊகித்து வரைகிறது, அந்த ஊகம் உங்கள் பாட்டி அல்ல. கீறல் நீக்க, நாய்ஸ் குறைக்கப் பயன்படுத்துங்கள். முகத்தைத் தெளிவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மூலப்படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

திரையில் நன்றாக இருக்கும் படம் பிரிண்ட்டில் இருட்டாக வருகிறது.

திரையின் பிரைட்னஸ் ஏகத்துக்கு இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, அறை வெளிச்சத்தில் தாளும் திரையின் வெள்ளையும் ஏறத்தாழ ஒத்துப்போகும் வரை குறையுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எடிட் செய்ய வேண்டாம். லேப் வேறு எதுவும் கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான நிற அமைப்பில் சேமியுங்கள். 8க்கு 10 இன்ச் பிரிண்ட்டுக்கு 2400க்கு 3000 பிக்சல் இருந்தால் நன்றாக வரும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பெரிய அளவில் போடும் முன் அதே லேப்பில் ஒரு சின்ன பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரியதற்குச் சொல்லுங்கள்.