ஷேர் ஆட்டோவுக்கு பில் கிடையாது

அன்புள்ள சார்,

நான் தண்டையார்பேட்டை. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் ஒரு டிரஸ்டில் வேலை பார்க்கிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் ஆறு ஃபீல்டு ஒர்க்கர்கள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் புது இயக்குநர் வந்தார். முப்பது வருடம் கம்பெனியில் இருந்தவர், நல்ல மனிதர். வந்ததும் ஓர் எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு நாளில் எட்டு வீடு, வீட்டுக்கு அரை மணி நேரம். எங்கள் அக்காக்கள் அழாத குறை. கல்லூரியில் டெய்லர், வெபர், மேயோ என்று நிர்வாகக் கொள்கை எழுதியவர்களை ஒரு பேப்பர் முழுக்கப் படித்தோம், பரீட்சையோடு சரி. அதெல்லாம் தொழிற்சாலைக்கு எழுதினது, மனிதர்களோடு செய்கிற வேலைக்கு ஒத்துவராது என்று அவரிடம் சொல்லிவிடலாமா? நீங்களும் இதுமாதிரி ஓர் இடத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொல்லலாம். ஆனால் "சரிம்மா, அப்ப உங்க வேலையை எப்படித்தான் அளக்கறது?" என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பரீட்சையோடு விட்டுவிட்ட அந்தப் பேப்பரை அதற்காகவாவது எடுத்துத் தூசி தட்டுங்கள்.

உங்கள் ஷீட்டுக்குத் தாத்தா டெய்லர். பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளம் ஏற்றுகிறவர்களை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கவனித்து, நாளுக்கு 12 டன் சொச்சம் ஏற்றியவரை 47 டன் ஏற்ற வைத்தேன் என்று 1911இல் எழுதினார். அந்தக் கணக்கை நம்பாத ஆய்வாளர்களும் உண்டு, அது போகட்டும். இரும்பை ஏற்றினால் ஏறிக்கொள்ளும். "எனக்கு இஸ்கூல் வாணாம்க்கா" என்று அது சொல்லாது. அதே காலத்தில் நம் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையிலும் எல்லாம் மணிக் கணக்குத்தான். 1918இல் அங்கே மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது, மதிய இடைவேளை போதவில்லை என்பது தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. ஆக, வடசென்னைக்காரர்களுக்கு நிமிடக் கணக்கு புதிதல்ல.

ஆனால் டெய்லரை முழுசாகத் தூக்கி எறியாதீர்கள். யெஹெஸ்கெல் ஹாசன்ஃபெல்ட் என்ற அறிஞர் 1972இல் ஒரு பிரிவினை சொன்னார். மனிதர்களோடு வேலை செய்யும் அமைப்புகளில் சில, ஆளைப் பார்த்து, வகைப்படுத்தி, அடுத்த இடத்துக்கு அனுப்புகின்றன. சில, ஆளையே மாற்றப் பார்க்கின்றன. உங்கள் டிரஸ்டில் இரண்டு வேலையும் ஒரே ரிஜிஸ்டரில் கிடக்கின்றன. டி.சி. வாங்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பெண் முதல் ரகம். டி.சி. வர நேரமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் அதை எடுத்துச் சொல்லி ஒரு மனு கொடுத்தால் காரியம் முடிந்தது. இதற்கு அரை மணி நேரமே அதிகம். எட்டு வீடு என்ன, பத்து வீடுகூடப் போகலாம். இரண்டாவது ரகம்தான் ஷீட்டில் அடங்காது.

நான் இருந்த இடத்தில் ஓர் அக்கா இருந்தார். 2018இல் நடந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்று, காசிமேட்டில் படகுக்கு ஐஸ் ஏற்றப் போய்க்கொண்டிருந்தான் ஒரு பையன். பகலில் வீட்டுக்குப் போனால் தூங்கிக்கொண்டிருப்பான். அதனால் அக்கா விடிகாலை நாலு மணிக்கு ஏலம் நடக்கும் இடத்துக்குப் போவார். பையனிடம் பேச மாட்டார். அவன் வேலை செய்யும் படகுக்காரரோடு டீ குடிப்பார், கிளம்பி வந்துவிடுவார். பிப்ரவரி, மார்ச் முழுக்க இதே கதை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் வேலையும் இல்லை. பையன் கையில் காசு இல்லாமல் தெருவில் நின்றபோதுதான் அக்கா அவனிடம் முதன்முதலாகப் பள்ளிப் பேச்சை எடுத்தார். படகுக்காரரும் "போடா, அப்புறம் வா" என்றார். ஜூனில் சேர்ந்துவிட்டான்.

எங்கள் ரிஜிஸ்டரில் பார்வை நேரம் என்ற கட்டத்தில் காலை பத்து முதல் மாலை ஐந்துக்குள்தான் எழுத வேண்டும். அக்கா நாலு மணி என்று எழுதினால் மேலே கேள்வி வரும். அதனால் பதினொன்று என்று எழுதிவைத்தார். ரிப்போர்ட் பளிச்சென்று இருந்தது. அக்கா கல்யாணமாகி திருவள்ளூர் போனார். அடுத்து வந்தவர் ரிஜிஸ்டரைப் பார்த்து நாள் தவறாமல் பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போனார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தடைக்காலத்தைக் கணக்குப் பண்ணுகிற அந்த வித்தை எங்கேயும் எழுதப்படாமலே போய்விட்டது.

அமைப்பின் கொள்கை அலுவலகத்தில் எழுதப்படுவதல்ல, ஜனங்களை நேரில் பார்க்கும் ஊழியர் அன்றன்று எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகின்றன என்று 1980இல் மைக்கேல் லிப்ஸ்கி எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வந்தது.

இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, விதியே வேண்டாம்" என்று துள்ளாதீர்கள். விதி இல்லாத ஒரு நாளையும் நான் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொருக்குப்பேட்டையில் போர்வையும் அரிசியும் கொடுத்தோம். முதல் நாள் பட்டியல் இல்லை. எங்கள் ஊழியர் ஒருவருடைய தெருவுக்கே பாதி போனது. போடுகிறவர் நம்மவரானால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்பார்களே, வெபர் விவரித்த அலுவலக முறை ஒழிக்கப் பார்ப்பது இந்தப் பழமொழியைத்தான். எழுதிவைத்த விதி, ஆளைப் பார்க்காத வரிசை, கோப்பு. ஆள்பலம் இல்லாத ஏழைக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. மறுநாள் ரேஷன் கார்டு எண்ணை வைத்துப் பட்டியல் போட்டோம். சண்டை ஓய்ந்தது. அன்று மாலையே, கார்டு இல்லாமல் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தை எங்கள் ஆள் திருப்பி அனுப்பிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர்கள். விதி எதற்காக வந்தது என்பது மறந்து, விதியே குறிக்கோளாகிவிடும் என்று ராபர்ட் மெர்டன் 1940இல் எச்சரித்தது இதைத்தான்.

மேயோவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஹாத்தார்ன் என்ற அமெரிக்கத் தொழிற்சாலையில் நடந்த சோதனைகளைக் காட்டி, ஊழியரை மனிதராக நடத்துங்கள் என்பார்கள். நல்லதுதான். எங்கள் இயக்குநரும் தினமும் "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்பார். சம்பளம் மட்டும் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும்.

உங்கள் இயக்குநரை வில்லனாகவும் பார்க்காதீர்கள். எட்டு வீடு என்ற எண் அவர் மண்டையில் உதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கொடுக்கிறவர்கள் வருடக் கடைசியில் எத்தனை பிள்ளைகள் என்று எண் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் 20 ஆகிவிட்டது. பணம் எந்தக் கையிலிருந்து வருகிறதோ, அந்தக் கைக்கு ஏற்றபடிதான் அமைப்பு வளையும். ஃபெஃபரும் சலான்சிக்கும் 1978இல் இதை ஒரு தனிக் கொள்கையாகவே எழுதினார்கள். எனவே அவரோடு மோதுவதைவிட, மேலே அனுப்பக்கூடிய வேறு எண் ஒன்றை அவருக்குக் கொடுங்கள்.

அதற்கு மேரி பார்க்கர் ஃபாலெட் உதவுவார். உங்கள் பாடத்தில் இரண்டு வரிக்கு மேல் இருந்திருக்காது. பாஸ்டனில் பள்ளிக் கட்டிடங்களை மாலையில் அக்கம்பக்கத்து ஜனங்களுக்குத் திறந்துவிடும் வேலை செய்துவிட்டு, அதன் பிறகு நிர்வாகத்தைப் பற்றி எழுத வந்தவர். அதாவது நம் கட்சி. மேலே இருப்பவர் ஆணையிட வேண்டாம், கீழே இருப்பவர் பணிய வேண்டாம், இருவரும் சேர்ந்து சூழ்நிலை என்ன கேட்கிறது என்று பார்த்து அதற்குக் கட்டுப்படுங்கள் என்றார்.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். ஆறு பேரையும் உட்கார வைத்து, கையில் இருக்கும் கேஸ்களைப் பிரியுங்கள். காகிதம் மட்டும் குறைகிற வீடுகளை அவர் ஷீட்டிலேயே விடுங்கள், எட்டு என்றால் எட்டு. வேலைக்குப் போகிற பிள்ளை, வீட்டில் பிரச்சினை இருக்கிற பிள்ளை, இவர்களுக்குத் தனி ஷீட். அதில் வீட்டு எண்ணிக்கை வேண்டாம். சேர்ந்த பிள்ளை மூன்று மாதம் கழித்தும் வகுப்பில் இருக்கிறதா என்று ஒரு கட்டம், எப்படி நடந்தது என்று நாலு வரி எழுத ஒரு கட்டம். மூன்று மாத எண் ஒன்று கையில் இருந்தால் அவரும் பணம் கொடுக்கிறவரிடம் தைரியமாகப் பேசுவார்.

எங்கள் அக்காவின் விடிகாலைப் பயணத்துக்கு ஷேர் ஆட்டோதான். பில் எங்கே என்று கணக்காளர் வவுச்சரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவர் ஒப்புக்கொள்ள நாலு மாதம் பிடித்தது. உங்கள் ஷீட்டில் ஒரு கட்டம் கூட்ட அவ்வளவு நாள் ஆகாது.