எடை குறைந்த ஷூ வாங்கினால் வேகம் கூடுமா?

கேள்வி: 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தயாராகிறேன். தினமும் போட்டு ஓடும் ஷூ ஒன்று 290 கிராம். பந்தயத்துக்கென்று 200 கிராம் ஷூ வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஒரு ஷூவில் 100 கிராம் குறைந்தால், ஓடச் செலவாகும் ஆற்றலில் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும். அவ்வளவுதான். அதனால் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் வாங்கினேன். குதிகால் பக்கம் மிகத் தாழ்வான ஷூ அது. முதல் நாளே 12 கிலோமீட்டர் ஓடிவிட்டேன். மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகி, மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. பழகாத காலுக்கு அந்தத் தாழ்வு பெரிய சுமை.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓடும்போது போடும் சாக்ஸோடு, மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள்; பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடந்து பார்ப்பது போதாது, பந்தய வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடிப் பாருங்கள். குதிகால் நழுவினால் அந்த ஷூ வேண்டாம்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாள், வேகப் பயிற்சிக்கு மட்டும் புது ஷூவைப் போடுங்கள். மெதுவான ஓட்டத்துக்குப் பழைய ஷூவே நல்லது. அடிப்பாகத்துக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ இப்போதைக்குத் தேவையில்லை.