மாறுவேடப் போட்டி உடை: வாடகைக்கு எடுப்பதா, வீட்டிலேயே செய்வதா?

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி மாறுவேடப் போட்டியில் வேலு நாச்சியாராக வர இருக்கிறாள். சென்ற ஆண்டு வாடகைக்கு எடுத்த உடையில் சரிகை பிரிந்துவிட்டது என்று சொல்லி, கடைக்காரர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார், ரசீதும் தரவில்லை. ஆகவே இம்முறை தெர்மாகோலில் கேடயம் வெட்டி, பொன்னிற ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் கரைந்து குழி விழுந்துவிட்டது. பெயிண்ட் தரமற்றதா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: பெயிண்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரின்; சாதாரண ஸ்ப்ரே பெயிண்டில் உள்ள அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் பட்டதும் அது உருகிக் குழிந்துவிடும். எனவே பொருள் குறைபாடுடையது என்று பணத்தைக் கேட்பது நிற்காது. மீதமுள்ள தெர்மாகோலின் மீது வெள்ளைப் பசையை இரண்டு முறை பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டுங்கள். மஞ்சள் நிற ரப்பர் பசையும், பசைத் துப்பாக்கியின் சூடும்கூடத் தெர்மாகோலை அரித்துவிடும் என்பதால் ஒட்டுவதற்கும் வெள்ளைப் பசையே ஏற்றது.

என்னைக் கேட்டால், கேடயத்திற்குத் தெர்மாகோலைவிட, ரப்பர் போல வளையும் மெத்தென்ற ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் எவ்வளவோ மேல். கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் இதன் மீது ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கி, லேசாக வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தால் கேடயத்திற்குரிய குவிவு நிற்கும். தெர்மாகோலைக் கரைக்கும் அதே ரப்பர் பசை இங்கே உறுதியாக ஒட்டும். சன்னலைத் திறந்து வைத்து, குழந்தையை அருகில் விடாமல் நீங்களே ஒட்டுங்கள். பின்புறம் அகலமான எலாஸ்டிக் பட்டையை ஒட்டினால் சிறு கை எளிதாக நுழையும். வாளை அட்டையை அடுக்கி ஒட்டிச் செய்து, முனையை மழுங்கலாக வெட்டிவிடுங்கள். மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள்.

உடைக்கு உங்கள் பழைய பட்டுப்புடவையை மடித்துக் கட்டி, இடுப்பில் கச்சை இறுக்கினாலே போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவகங்கையை ஆண்ட அரசிக்குக் கண்ணாடிக் கல் பதித்த பிளாஸ்டிக் கிரீடம் தேவையில்லை என்பது என் கருத்து. முகத்தில் போஸ்டர் கலரையோ துணி வண்ணத்தையோ பூசவே கூடாது. அவை தோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தயாரிப்பாளர் பெயர், உரிம எண், காலாவதித் தேதி ஆகியவை அச்சிட்ட முகப்பூச்சை வாங்கி, முந்தைய நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள்.

இனி முன்பண விவகாரம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, பணம் கொடுத்துப் பொருளை வாடகைக்கு எடுப்பவரும் நுகர்வோரே. ரசீது தராதது நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதப்படும். ஆகவே கடைக்காரருக்கு முதலில் எழுத்து மூலமாகக் கோரிக்கை அனுப்புங்கள். ரசீது இல்லாவிட்டாலும், கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே சான்றாகும். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் பலனில்லையென்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

பின்னொரு நாள் வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், கடைக்காரர் முன்னிலையிலேயே சரிகை ஓரம், கொக்கி, தையல் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் கிழிசலையும் முன்பணத் தொகையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.