அவசரச் செலவும் அதன் கணக்கும்: நிவாரண நிதி பற்றிய கேள்வி பதில்

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அதில் கணிசமான பகுதி, வெள்ளமோ புயலோ தொற்றுநோயோ வந்துபோன பின்பு அலுவலகங்களில் குவிந்துகிடக்கும் செலவுச் சீட்டுகளைப் படிப்பதிலேயே போயிற்று. உள்ளாட்சி மன்றங்கள் அவசர நிவாரண நிதியைச் செலவிடும் முறை குறித்து நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், பொதுவான நடைமுறையை முதலில் சொல்லி, எனக்கு நன்கு தெரிந்த சட்டங்களை மட்டும் இடையிடையே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் மன்றம் வெள்ள நிவாரணச் செலவை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. "உணவு மற்றும் தங்குமிடம்", "இயந்திர வாடகை", "இதர செலவுகள்" என்று மூன்று வரிகளும் மொத்தத் தொகையும் மட்டுமே உள்ளன. இதை வெளிப்படைத்தன்மை என்று ஏற்றுக்கொள்ளலாமா, அம்மா?

பதில்: ஏற்றுக்கொள்ள முடியாது. மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு ஒரு குடிமகனால் எதையும் சரிபார்க்க இயலாது. ஒவ்வொரு பணப்பட்டுவாடாவுக்கும் தேதி, பணம் பெற்றவர், வாங்கிய பொருள் அல்லது செய்த வேலை, அளவு, ஒன்றின் விலை, பயன்பட்ட இடம், உத்தரவிட்ட அலுவலர், பணம் எந்த நிதியிலிருந்து போனது ஆகிய விவரங்கள் தனித்தனியாக இருந்தால்தான் அந்தப் பட்டியலுக்குப் பொருள் உண்டு. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மை விதித்தொகுப்பு, 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுமாறு உள்ளாட்சி மன்றங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அது நல்ல தொடக்கம் என்றாலும், நிவாரணச் செலவைப் பொறுத்தவரை பொருள் எந்தத் தெருவுக்குப் போயிற்று என்பதே முதன்மையான தகவல். இடத்தைச் சொல்லாத பட்டியலை நான் அரைகுறைக் கணக்காகவே கருதுகிறேன். "பல்வேறு இடங்களில் பம்பு இயக்கிய வாடகை" என்று எழுதிய சீட்டைப் பார்த்து, அந்தத் தெருவில் குடியிருப்பவர் "எங்கள் தெருவுக்குப் பம்பே வரவில்லை" என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி: தண்ணீர் கழுத்தளவு வந்துவிட்ட நேரத்தில் டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. அத்தகைய சூழலில் விதிமுறை பேசுவது உதவியைத் தடுப்பதாகாதா?

பதில்: டெண்டரைக் கைவிடுவது தவறன்று, பல நாடுகளின் சட்டமே அதற்கு இடம் தருகிறது. இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 50ஆம் பிரிவின்படி, தேசிய, மாநில அல்லது மாவட்ட ஆணையம் உடனடிக் கொள்முதல் தேவை என்று கருதினால் அதற்கான அதிகாரத்தைத் துறைக்கோ அதிகார அமைப்புக்கோ வழங்கலாம். அப்போது டெண்டர் கோரும் வழக்கமான நடைமுறை தளர்த்தப்பட்டதாகக் கொள்ளப்படும். அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. பொருள்கள் பயன்படுத்தப்பட்டன என்று, ஆணையம் அதிகாரமளித்த கட்டுப்பாட்டு அலுவலர் தரும் சான்றே கணக்குக்கான செல்லத்தக்க ஆவணமாகும் என்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான காலத்தில் ஐந்தாறு தாள்கள் சேர்ந்து சொல்ல வேண்டியதை அவசர காலத்தில் ஒரே கையொப்பம் சொல்லிவிடுகிறது என்றால், அந்தக் கையொப்பத்தின் பின்னால் இருக்கும் குறிப்புகள் மற்ற நாள்களைவிட உறுதியாக இருக்க வேண்டும் அல்லவா?

சட்டம் தளர்த்துவது போட்டி விலை கோரும் நடைமுறையை மட்டுமே. ஏன் வாங்கினோம், ஏன் இவரிடம் வாங்கினோம், இந்த விலை எப்படி வந்தது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவைக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதப் பத்து நிமிடம் போதும். விவேகமுள்ள மன்றங்கள் தார்ப்பாய், குடிநீர், படகு, பம்பு, லாரி போன்றவற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்பே டெண்டர் விட்டு விலை ஒப்பந்தம் செய்துவைத்துக்கொள்கின்றன. பேரிடர் வந்ததும் அந்த விலையில் உடனே வாங்குகின்றன. வெள்ளம் ஆண்டுதோறும் வரும் ஊரில், ஆண்டுதோறும் "எதிர்பாராத அவசரம்" என்று எழுதி ஒரே ஒப்பந்ததாரரிடம் வாங்குவதை என்னால் அவசரம் என்று ஒப்ப முடிந்ததே இல்லை.

கேள்வி: பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதைத் தணிக்கையில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: எந்தத் தாளையும் தனியாகப் படிக்கக் கூடாது என்பதே நான் கற்ற முதல் பாடம். விற்றவரின் பட்டியல், கிடங்கின் இருப்புப் பதிவேடு, பெற்றுக்கொண்டவர்களின் ஒப்பப் பட்டியல் ஆகிய மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மன்றத்தில் தார்ப்பாய் வழங்கிய ஒப்பப் பட்டியலைப் பார்த்தேன். பெயர், முகவரி, கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கிடங்குப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோதோ, சரக்கு கிடங்குக்கு வந்து இறங்கிய நாளுக்கு மூன்று நாள் முன்பே விநியோகம் முடிந்துவிட்டதாகப் பட்டியல் சொல்லியது. மீண்டும் உற்றுப் பார்த்தேன். நான்கு பக்கம் முழுவதும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், மடிப்போ கறையோ இல்லாமல் இருந்தன. மழையில் நின்று கையெழுத்து வாங்கிய தாள் அவ்வாறு இருக்காது. இன்னோர் இடத்தில் பதிவேடே கிடையாது. ஓர் எழுத்தர் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். நீர் பட்டு ஓரம் ஊதிப்போன அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு தார்ப்பாய்கூடக் குறையவில்லை. அந்த எழுத்தரைப் பாராட்டி அறிக்கையில் எழுதினேன். இன்றும் அதை மனநிறைவோடு நினைத்துக்கொள்கிறேன்.

இயந்திர வாடகையைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவும் டீசல் வாங்கிய சீட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரே பம்பு ஒரே இரவில் இரண்டு இடங்களில் ஓடியதாகப் பதிவு இருந்தால், வேறு விசாரணை எதுவும் வேண்டியதில்லை.

கேள்வி: நிவாரணம் பெற்றவர்களின் பெயர்களை வெளியிட வேண்டும் என்கிறார்கள் சிலர், அது அவர்களை அவமதிப்பது என்கிறார்கள் வேறு சிலர். தங்கள் கருத்து என்ன?

பதில்: இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, நான் இருவேறு பட்டியல்களைப் பரிந்துரைக்கிறேன். உலகம் முழுவதும் பார்க்கும் இணையத்தில், பகுதிவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்கு என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது, தகுதியை எந்த அளவுகோலால் முடிவுசெய்தார்கள் என்பவை போதும். பெயர்ப் பட்டியலை, சட்டம் அனுமதிக்கும் இடங்களில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில் வாசிக்கலாம்; இல்லாத வீட்டுக்கு உதவி வழங்கியதாக எழுதியிருந்தால் அக்கம்பக்கத்தாருக்குத்தான் உடனே தெரியும். வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், நோய் விவரம், குடும்பத்தில் நேர்ந்த இறப்பின் விவரம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் வரக் கூடாது. உதவி மறுக்கப்பட்டவர் முறையிடுவதற்கு ஓர் அலுவலரையும் ஒரு காலக்கெடுவையும் அறிவிக்காமல், பெயர்களை மட்டும் வெளியிடுவதால் பெரிய பயன் இல்லை.

கேள்வி: அரசு மானியம் வந்தது, பொதுமக்களின் நன்கொடையும் வந்தது, மன்றத்தின் பொது நிதியும் இருக்கிறது. எந்தச் செலவு எதிலிருந்து போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. இதில் ஆபத்து உண்டா?

பதில்: நிவாரணக் கணக்கில் நான் மிகவும் அஞ்சும் இடமே இதுதான். ஒரே லாரி வாடகைச் சீட்டை மானியக் கணக்கிலும் நன்கொடைக் கணக்கிலும் காட்டி இரண்டு முறை பணம் எடுக்க முடியும். இதைத் தடுக்க நிவாரணத்துக்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு தொடங்க வேண்டும். பணம் கொடுத்தவுடன் மூலச் சீட்டின் மீதே எந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது என்று முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்த சீட்டை இன்னொரு கோப்பில் வைப்பது கடினம். பழைய முறைதான் என்றாலும் அதைவிட எளிதான ஒன்றை நான் கண்டதில்லை.

இரண்டாவது ஆபத்து, வழக்கமான செலவைப் பேரிடர்ச் செலவாக மாற்றி எழுதுவது. மேலே உள்ள அரசு ஈடுசெய்யும் என்று தெரிந்தால் இந்தச் சபலம் இயல்பாகவே எழும். இங்கிலாந்தில் பெல்வின் என்னும் பேரிடர் நிதியுதவித் திட்டத்தின் கீழ் மன்றம் தன் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 0.2 விழுக்காட்டைத் தானே செலவிட்ட பிறகுதான் அதற்கு மேற்பட்ட தகுதியுள்ள செலவுக்கு அரசிடம் உதவி கோர முடியும். அமெரிக்காவில் பெரும்பேரிடர் அறிவிக்கப்பட்டால், தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகளில், எப்படியும் அந்த மாதம் தூர்வார வேண்டியிருந்த வடிகாலைத் தூர்வாரிவிட்டு அதை வெள்ளச் செலவு என்று எழுதுவது எளிது. முந்தைய ஆண்டுகளில் அதே மாதத்தில் அதே வேலைக்கு எவ்வளவு செலவானது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: கணக்கு கேட்டால், "தணிக்கை நடக்கிறது, இப்போது தர இயலாது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தணிக்கை நடக்கிறது என்பது மட்டும் மறுப்புக்குப் போதுமான காரணம் அன்று. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 மறுக்கத்தக்க தகவல்களை 8ஆம் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. நிலுவையிலுள்ள தணிக்கை அதில் ஒரு வகையாகச் சொல்லப்படவில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிடும் உரிமையும் உண்டு. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தணிக்கைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஆண்டுக்கு ஒருமுறை 30 வேலை நாள்களுக்குக் கணக்கேடுகள், ஒப்பந்தங்கள், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க இடம் தருகிறது. 2017 முதல் பத்திரிகையாளர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "நிவாரண நிதி ஏன் வீணடிக்கப்பட்டது?" என்று எழுதினால் அது கருத்துக் கேட்பது என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, இந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வழங்கப்பட்ட செலவுச் சீட்டுகளின் நகலும், அப்பொருள்களுக்கான இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலும் தேவை" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நான் புதிதாகத் தேர்வான மன்ற உறுப்பினர். ஏற்கெனவே செய்துவிட்ட அவசரச் செலவுகளுக்குப் பின்னேற்பு, அதாவது பிந்தைய ஒப்புதல், தரும் தீர்மானம் கூட்டம் தொடங்கும்போதுதான் எங்கள் கைக்கு வருகிறது.

பதில்: பட்டியலைப் படிக்க அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் உங்கள் மாறுபட்ட கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பணம் பெற்ற நிறுவனங்களோடு உறுப்பினர் அல்லது அலுவலர் எவருக்கேனும் உறவோ பங்கோ உண்டா என்ற அறிவிப்பையும் கேளுங்கள்.

கேள்வி: செலவாகாத நிவாரண நிதி என்ன ஆகும்?

பதில்: மானியத்தின் நிபந்தனைப்படி திருப்பி அனுப்பப்பட வேண்டும் அல்லது அனுமதி பெற்று அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும், அதன் மீது வங்கி தந்த வட்டிக்கும் கணக்கு உண்டு. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த முன்பணத்தைச் செலவாகக் காட்டிப் பயன்பாட்டுச் சான்று அனுப்புவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். வேலை முடியும்வரை முன்பணம் செலவாகாது.

கேள்வி: இரண்டு ஆண்டு கழித்து வரும் தணிக்கை அறிக்கையால் யாருக்கு என்ன பயன்?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. 2020இல் தென்னாப்பிரிக்காவின் தலைமைத் தணிக்கையாளர், தொற்றுக்கால நிவாரணச் செலவுகளை அவை நடந்துகொண்டிருக்கும்போதே தணிக்கை செய்து சிறப்பு அறிக்கைகளாக வெளியிட்டார்; பணம் முழுவதும் வெளியேறுவதற்கு முன்பே குறைகள் பொதுவெளிக்கு வந்தன. உள்ளாட்சி அளவிலும் இதைச் செய்யலாம். நிவாரணப் பணி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு தணிக்கையாளரைக் கிடங்கில் உட்காரவைத்தால் போதும். பின்னாளில் எழுதும் நூறு பக்கத்தைவிட அது மிகுதியாகச் சாதிக்கும்.

கேள்வி: நான் மன்றத்தில் பணிபுரியும் பொறியாளர். இவ்வளவு கேள்வி கேட்டால், அடுத்த வெள்ளத்தில் எந்த அலுவலரும் துணிந்து கையெழுத்திட மாட்டார். நாங்கள் இரவெல்லாம் தண்ணீரில் நின்றதை யார் எழுதுவார்கள்?

பதில்: நீங்கள்தான் எழுத வேண்டும், அதைத்தான் நான் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தணிக்கைக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆவணம், ஓர் இளநிலைப் பொறியாளர் தம் கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த படங்களும் சட்டைப்பையில் வைத்திருந்த சிறு குறிப்பேடும்தான். "இரவு 2.10. கரை உடைப்பு. மணல் மூட்டை போதவில்லை. அருகிலுள்ள கட்டடப் பணியிடத்தில் 300 மூட்டை எடுத்தேன். உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். விலை காலையில் பேசுவதாக ஒப்புக்கொண்டார்" என்று அதில் எழுதியிருந்தது. டெண்டர் இல்லை, விலைப்புள்ளி இல்லை, முன்னனுமதி இல்லை. அந்த ஐந்து வரிகளை ஆதாரமாகக் கொண்டு அச்செலவை நான் முழுமையாக அனுமதித்தேன். அதே இரவில் அதே கரைக்கு வேறொருவர் வாங்கியதாகக் காட்டிய மூட்டைகளுக்கு அழகாகத் தட்டச்சு செய்த மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்ததால் அந்தச் செலவுக்கு ஆட்சேபம் எழுதினேன்.