சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற டிரையத்லான் போட்டிக்குத் தயாராகிறவர்கள் கேட்பதில் முக்கால்வாசி கடைசிக் கட்டமான ஓட்டத்தைப் பற்றித்தான். இந்த முறை ஐந்து கேள்விகள்.

"ரேஸ்கோர்ஸில் தனியாக ஓடினால் 10 கி.மீ.யை 52 நிமிஷத்தில் முடிக்கிறேன். 40 கி.மீ. சைக்கிளுக்கு அப்புறம் ஓடினால் கால் கட்டை மாதிரி ஆகி ஒரு மணி நேரம் தாண்டிவிடுகிறது. என் ஓட்டத்தில் என்னங்க தப்பு?" (கோவை)

பெரிய தப்பு எதுவும் இல்லை. களைக்காத காலோடு மட்டுமே ஓடிப் பழகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் ஹேண்டில்பாரில் குனிந்தே இருந்தால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிப்போகும். தொடையும் அதற்குள் பாதி உழைத்து முடித்திருக்கும். இறங்கியதும் இடுப்பு நிமிராது, பின்பக்கத் தசை வேலைக்கு வராது, உட்கார்ந்த வாக்கிலேயே ஓடுவீர்கள். இன்னொன்றும் உண்டு. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்த கண்ணுக்கு ஓட்டம் ஆமை வேகமாகத் தெரியும். அதனால் முதல் கிலோமீட்டரில் நம்மை அறியாமலே விரட்டிவிடுவோம்.

வாரம் ஒரு நாள், சைக்கிளை நிறுத்திய கையோடு ஷூவை மாட்டிக்கொண்டு 15 நிமிஷம் ஓடுங்கள். பிரிக் பயிற்சி என்பது இதைத்தான். அதில் தூரத்தைப் பார்க்க வேண்டாம், உடம்பு நிற்கிற விதத்தை மட்டும் பாருங்கள். சைக்கிளில் கடைசி 5 நிமிஷம் லேசான கியரில் நிமிஷத்துக்கு 90 சுற்று மிதியுங்கள். இறங்கியதும் தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதாக நினைத்து நிமிருங்கள். அடிகள் சின்னதாக, சுறுசுறுப்பாக விழட்டும். முதல் கிலோமீட்டரை இலக்கைவிட 10, 15 விநாடி மெதுவாகவே போங்கள். போன நேரம் பின்னால் தானாகத் திரும்பி வரும்.

"முழங்கால் வலிக்கிறது. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் ஓடச் சொல்கிறார்கள். மாறலாமா?" (திருப்பூர்)

அவசரப்பட்டு மாறாதீர்கள். முன்பாதத்துக்குத் திடீரென்று மாறினால் முழங்கால் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடம் மாறும். ஒரு வலி போய் இன்னொரு வலி வரும்.

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, பாதம் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் நொடியில் படத்தை நிறுத்துங்கள். முழங்கால் மடங்காமல் நீட்டிக்கொண்டு, பாதம் அதற்கும் முன்னால் கிடந்தால் நீங்கள் எட்டி வைக்கிறீர்கள். ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவதற்குச் சமம். ஆளில்லாத ரோட்டில் காதையும் கொடுத்துப் பாருங்கள். எட்டி வைக்கிறவரின் காலடி 'தொப் தொப்' என்று அறையும்.

சரி, திருத்துவது எப்படி? வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று 30 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு உங்கள் இரண்டு காலும் வைக்கிற அடி எண்ணிக்கை அது. 160 வந்தால் 168-க்குக் கொண்டுவாருங்கள், வேகத்தைக் கூட்டாமல். அடி எண்ணிக்கை 5 சதவீதம் கூடினாலே முழங்காலுக்குப் போகும் சுமை குறையும். போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் ஆப்) வைத்து, முதலில் ஒரு நிமிஷம் அந்தத் தாளத்தில், அடுத்த ஒரு நிமிஷம் உங்கள் போக்கில் என்று பழகுங்கள். 'நிமிஷத்துக்கு 180 கட்டாயம்' என்ற பேச்சு, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியதிலிருந்து வந்தது. அவர்கள் ஓடிய வேகம் வேறு. உங்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் 170 போதும் என்றால் அதுவே சரி. இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"கீழ்பவானி வாய்க்கால் கரை மண்பாதையிலேயே ஓடுகிறேன். போதுமா?" (கோபி)

நல்ல இடம், விடாதீர்கள். ஆனால் போட்டி தார் ரோட்டில்தான் நடக்கும். வாரத்தில் ஒரு ஓட்டமாவது ரோட்டில் இருக்கட்டும், கால் அதற்கும் பழக வேண்டும்.

"ஆடிக் காற்றில் ஓட்டமே குலைந்துபோகிறது. எதிர்காற்றில் எப்படி ஓடுவது?" (பொள்ளாச்சி)

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நேர் எதிரே இருக்கிறீர்கள், கஷ்டம் புரிகிறது. எல்லோரும் செய்கிற தப்பு, இடுப்பில் மடங்கிக் குனிவது. அப்படிக் குனிந்தால் மூச்சு அடைக்கும், காலும் முன்னால் ஏறாது. சாய்வு கணுக்காலிலிருந்து வரட்டும், தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக. அடியைச் சுருக்குங்கள். வாட்ச் காட்டும் வேகத்தை அன்றைக்கு மறந்துவிட்டு, மூச்சு வாங்கும் அளவை வைத்து ஓடுங்கள். உண்மையில் காற்று உங்களை அடிப்பது சைக்கிளில். அங்கே அதோடு மல்லுக்கட்டித் தொடையைத் தீர்த்துவிட்டால், ஓட்டத்தில் எந்த நுட்பமும் கைகொடுக்காது.

அடியைச் சுருக்கிப் பழக மேட்டு ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் எட்டி வைக்கவே முடியாது, பாதம் தானாக உடம்புக்குக் கீழே விழும். மருதமலை ரோடு அளவுக்கெல்லாம் வேண்டியதில்லை, ஒரு பாலத்தின் ஏற்றமே போதும். 10 விநாடி ஏறி ஓடுங்கள், நடந்து இறங்குங்கள். 6 முறை.

"போட்டிக்கு 3 வாரம்தான் இருக்கிறது. இப்போது ஸ்டைலை மாற்றலாமா?" (ஈரோடு)

வேண்டாம். தோளைத் தளர்த்துவதும், கையை உடம்புக்குக் குறுக்கே போகாமல் முன்னும் பின்னும் வீசுவதும் போதும். அப்புறம், ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டு, ஈரக் காலோடு சாக்ஸ் இல்லாமல் ஒரு தடவை 5 கி.மீ. ஓடிப் பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே போட்டியன்று வாஸ்லின் தடவிக்கொள்ளலாம்.